முதுகுக்குக் கீழே குளிர்: அண்டர்க்வில்ட் நிரப்பு பற்றிய கேள்வி-பதில்

இலையுதிர் காலம் வந்துவிட்டால் வட அமெரிக்க வாசகர்களின் தையல் இயந்திரங்கள் விழித்துக்கொள்கின்றன. இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே, மரங்களுக்கு நடுவே கட்டும் தூளிப் படுக்கையான ஹேமக்கின் அடியில், முதுகில் குளிர் தாக்காமல் இருக்கக் கட்டும் அண்டர்க்வில்ட் என்ற மெத்தைப் போர்வைக்குள் எதை நிரப்புவது என்பதைப் பற்றியவை.

கேள்வி: அக்டோபரில் அல்கோன்குவின் பூங்காவில் தங்கப்போகிறேன். முதன்முறையாகத் தைக்கிறேன். வாத்துத் தூவியா, செயற்கை இழையா? (ஸ்கார்பரோ வாசகர்)

செயற்கை இழைதான். கிளைமாஷீல்டு ஏபெக்ஸ் போன்ற தொடர் இழைத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி, இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து, ஓரங்களை மட்டும் தைத்தால் போதும். உள்ளே தடுப்புகள் தேவையில்லை, அறை முழுவதும் தூவி பறக்கும் தொல்லையும் இல்லை. சதுர கெஜத்துக்கு 3.6 அவுன்ஸ் தாள் சுமார் 4 டிகிரி செல்சியஸ் வரையிலும், 5 அவுன்ஸ் தாள் ஏறக்குறைய உறைநிலை வரையிலும், 6 அவுன்ஸ் தாள் அதற்குக் கீழே நான்கைந்து டிகிரி வரையிலும் தாங்கும் என்று கொள்ளலாம். அல்கோன்குவினில் அக்டோபர் இரவுகள் உறைநிலைக்குக் கீழே இறங்குவதுண்டு என்பதால் 6 அவுன்ஸையே வாங்குங்கள். பையில் அதிக இடம் பிடிக்கும். பல ஆண்டுகள் அழுத்தி அழுத்திக் கட்டினால் உப்பலும் குறையும். முதல் முயற்சிக்கு இந்த இரண்டு குறைகளையும் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அண்டர்க்வில்டுக்கு எத்தனை கிராம் தூவி போட வேண்டும்?

கடிதம் முழுவதுமே இந்த ஒரு வரிதான். எந்தக் குளிருக்கு, என்ன நீள அகலத்துக்கு, எத்தனை ஃபில் பவர் (உப்பும் திறன்) கொண்ட தூவி என்று எதையும் சொல்லாமல் கிராம் கணக்கு கேட்பது, எத்தனை பேருக்கு என்று சொல்லாமல் எவ்வளவு அரிசி போடுவது என்று கேட்பதைப் போன்றது. என் ஊகத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் எண்களை அதில் பொருத்திக்கொள்ளுங்கள். 75 அங்குல நீளம், 45 அங்குல அகலம், மைனஸ் 7 டிகிரிக்கு இரண்டரை அங்குல உப்பல்: மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 8,400 கன அங்குலம். 800 ஃபில் பவர் தூவி அவுன்ஸுக்கு 800 கன அங்குலம் உப்பும் என்பதால் பத்தரை அவுன்ஸ், அதாவது சுமார் 300 கிராம் தேவை. தூவி ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்கக் கால் பங்கு கூடுதலாகச் சேர்த்து 375 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூவி அடைக்கும் அறைகளுக்கு நடுவே கொசுவலைத் துணியால் தடுப்புச் சுவர் வைத்துத் தையுங்கள். மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால் ஒவ்வொரு தையல் வரியும் குளிர் நுழையும் வழியாகிவிடும். நிரப்பும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: அம்மா போடியிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணைகள் நான்கு இருக்கின்றன. பிரித்துப் பயன்படுத்தலாமா?

தலையணையாகவே இருக்கட்டும். இலவம் இழை உள்ளீடற்றது, தண்ணீரை எளிதில் ஏற்காதது. ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவை அங்கிகளில் அதை அடைத்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் ஒருமுறை அமுங்கினால் மீண்டு எழாமல் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். நாள்தோறும் சுருட்டிப் பையில் திணித்து எடுக்கும் பொருளுக்கு மீண்டெழும் குணம்தான் முதல் தகுதி.

கேள்வி: நீர் புகாத சில்நைலானில் வெளித்துணி தைத்தால் மழைக்கும் பாதுகாப்பாக இருக்குமே?

வேண்டாம். உடலிலிருந்து வெளியேறும் ஈரம் அந்தத் துணியின் உட்புறத்தில் நீராகப் படிந்து நிரப்பை நனைத்துவிடும். காற்றோட்டமுள்ள, தூவி கசியாத, மெல்லிய ரிப்ஸ்டாப் நைலான் போதும். மழையைத் தடுப்பது மேலே கட்டும் தார்ப்பாயின் வேலை.

கேள்வி: 600 கிராம் நல்ல தூவி போட்டேன். உறைநிலையிலேயே முதுகு விறைக்கிறது. இன்னும் 200 கிராம் சேர்க்கலாமா? (அட்லாண்டா வாசகர்)

தயவுசெய்து சேர்க்காதீர்கள். இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வெவ்வேறு எண்களோடு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறைகூடக் குற்றவாளி தூவியாக இருந்ததில்லை. நிரப்பு எதுவானாலும் அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, அசையாத காற்றைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஹேமக் துணிக்கும் அண்டர்க்வில்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், உங்கள் உடல் சூடாக்கிய காற்று அதன் வழியே வெளியேறி, குளிர்ந்த காற்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது கீழே 600 கிராம் இருந்தாலும் 6 கிலோ இருந்தாலும் ஒன்றுதான்.

நியூ ஹாம்ப்ஷயரின் வெண்மலைகளில் ஓர் இரவு முழுக்க நடுங்கிவிட்டு வந்து, மறுவாரமே கூடுதல் தூவி திணித்துத் தைத்து, மீண்டும் போய் அதே நடுக்கத்தை அனுபவித்தவன் நான். கூட வந்த நண்பர் என் தோளுக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்தார். அவருடைய முஷ்டி தாராளமாகப் போய் வந்தது. அண்டர்க்வில்டைத் தொங்கவிடும் ஷாக் கார்டை (இழுபடும் கயிறு) நான்கு விரற்கடை இழுத்துக் கட்டியதும் குளிர் நின்றது. திணித்த தூவிக்குக் கொடுத்த காசு திரும்பி வரவில்லை.

ஆகவே, ஹேமக்கில் படுத்துக்கொண்டு, வேறு ஒருவரைத் தோள், இடுப்பு, கெண்டைக்கால் ஆகிய மூன்று இடங்களிலும் உள்ளங்கையை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையின் இரு பக்கமும் துணி தொட வேண்டும். ஆனால் நசுக்கக் கூடாது. இடைவெளிக்குப் பயந்து கயிற்றை முறுக்கி இழுப்பவர்கள் தூவியைத் தட்டையாக்கி, அதே குளிரை வேறு வழியில் வரவழைத்துக்கொள்கிறார்கள். இரண்டு முனைகளும் ஹேமக்கோடு படிந்து மூடியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகும் குளிர்ந்தால் தையலைக் கவனியுங்கள்: வளைந்து தொங்கும் பொருளில் வெளித்துணி உள்துணியைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் வெட்டியிருந்தால் வெளித்துணி இறுகி, நிரப்பு உப்ப இடமில்லாமல் போயிருக்கும். உங்கள் 600 கிராமுக்கு அதுதான் நேர்ந்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

கேள்வி: பளபளக்கும் அவசரகாலப் போர்வையை நடுவில் வைத்துத் தைத்தால் நிரப்பைப் பாதியாகக் குறைக்கலாமா?

முடியாது. அது கதிர்வீச்சு வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். ஆனால் ஈரத்தை வெளியே விடாது, இரவு முழுக்கச் சலசலக்கும். சில்நைலானுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கேள்வி: வாஷிங்டன் மாநில ஒலிம்பிக் தீபகற்பத்தின் மழைக்காடுகளில் நடக்கிறேன். நீர் விலக்கும் பூச்சு கொண்ட தூவி போதுமா?

அந்தப் பூச்சு நனைவதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. ஹேமக்கில் மண்ணிலிருந்து தெறிக்கும் நீரையும் தவழும் மூடுபனியையும் முதலில் வாங்கிக்கொள்வது அண்டர்க்வில்டுதான். மேலே போர்த்துவது தூவியாக இருக்கட்டும், கீழே கட்டுவதைச் செயற்கை இழையில் தையுங்கள். நனைந்தாலும் அதன் உப்பல் பெருமளவு நிற்கும். தார்ப்பாயின் ஓரங்களைத் தாழ்த்திக் கட்டுங்கள்.

கேள்வி: கோடையில் தூவி அண்டர்க்வில்டைக் காற்று உறிஞ்சும் பையில் அடைத்து வைக்கலாமா?

கூடாது. பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு, உலர்ந்த அலமாரியில் வையுங்கள். துவைத்திருந்தால், குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்துகளோடு உலர்த்தி, விரல்களுக்கு ஒரு கட்டிகூடத் தட்டுப்படாத பிறகே உள்ளே வைக்க வேண்டும்.