பத்தடிக் குழியில் மீன், பக்கத்தில் கங்குன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஒட்டுசுட்டான் வாசகர்): வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் வளவு சும்மா கிடக்கிறது. மீன் தொட்டித் தண்ணீரை மரக்கறிப் பாத்திக்கு விட்டு, வடிகிற தண்ணீரைத் திரும்ப மீனுக்கே விடும் அக்குவாபோனிக்ஸ் முறையில் பெரிதாக ஒன்று கட்ட ஆசை. கையில் அதிகம் காசில்லை. மேசன் 10,000 லீற்றர் கொங்கிறீட் தொட்டி கட்டச் சொல்கிறார். எங்கே தொடங்குவது ஐயா?

பதில்: மேசன் தொட்டி கட்டத்தான் சொல்வார் தம்பி, அது அவர் தொழில். நீங்கள் கணக்கைத் தொட்டியில் தொடங்காமல் தீவனத்தில் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் தண்ணீருக்குள் போகிறதோ அதுதான் மீனின் கழிவாகி, கழிவிலிருந்து வரும் அமோனியாவை பற்றீரியா முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்ற, அந்த நைத்திரேற்றைத்தான் செடி தின்னும். கீரை வகைக்குச் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது பழகிய கணக்கு. தக்காளி, கறிமிளகாய் போன்றவை இன்னும் கேட்கும்.

உங்கள் வளவுக்கு நான் சொல்வது 3,000 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு 15 கிலோ மீன் என்று வைத்தால் அறுவடை நேரத்தில் 45 கிலோ, அதாவது 400 கிராம் திலாப்பியா 110 அளவில். உடல் எடையில் ஒன்றரை வீதம் தீவனம் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய 675 கிராம். அதை 50ஆல் பிரித்தால் பதின்மூன்று சொச்சம் சதுர மீற்றர் பாத்தி, நம் கணக்கில் 12 அடிக்கு 4 அடியாக மூன்று பாத்தி. ஓர் அடி ஆழத்துக்குச் சல்லி நிரப்ப ஒன்றரைக் கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) போதும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அந்தச் சல்லி மட்டும் ஆறரைத் தொன் வரும். அதனால் பலகை அடித்து, தூண் நிறுத்தி உயரத்தில் பாத்தி கட்டும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். நிலத்தை இறுக்கிவிட்டு சீமெந்துக் கல்லை வரிசையாக அடுக்கி, உள்ளே விரிப்புப் போட்டால் பாத்தி முடிந்தது.

மீனுக்கும் கொங்கிறீட் தேவையில்லை. 10 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். விளிம்பில் நாலு அங்குலம் விட்டுத் தண்ணீர் நிறுத்தினால் 3,000 லீற்றர் கணக்குச் சரி. குழியில் வேர் நுனி, கல் ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பழைய உரப்பைகளை அடியிலும் சுவரிலும் விரித்து, அதன்மேல் கறுப்பு எச்டிபிஈ பிளாஸ்ரிக் விரிப்பைப் போடுங்கள். விளிம்பு மடிப்புக்கும் சேர்த்து 17 அடிக்கு 12 அடி வாங்க வேண்டும். வீட்டில் சுருட்டி வைத்திருக்கும் தறப்பாள் ஞாபகம் வரும், வன்னியில் அது இல்லாத வீடு ஏது. ஆனால் பின்னல் தறப்பாள் மடிப்பில் வெடித்து மெல்லக் கசியும், அதைக் குழிக்குப் போடாமல் மேலே நிழலுக்குக் கட்டுங்கள். பாத்தியின் அடி குழித் தண்ணீரை விட உயரமாக இருந்தால் ஒரே பம்பு போதும், மேலே ஏறிய தண்ணீர் தானாகவே இறங்கி வரும்.

ஒன்றை மட்டும் பலர் யோசிப்பதில்லை. சல்லிக்கு இடையே கிட்டத்தட்ட நாற்பது வீதம் வெற்றிடம். மூன்று பாத்தியும் ஒரே நேரத்தில் நிரம்பி வடியும்படி சைபன் (நிரம்பியதும் தானாக வடிக்கும் குழாய்) வைத்தால் குழியிலிருந்து 1,600 லீற்றர் மேலே போய்விடும், மீன் அரைக்குழித் தண்ணீரில் நெரிபடும். அதனால் மணி சைபன் வித்தையெல்லாம் வேண்டாம். பாத்தியில் நின்றகுழாய் (நிமிர்த்தி வைத்த வழிவு குழாய்) ஒன்று வைத்து, சல்லி மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நின்று வழிந்தபடி இருக்கட்டும். கங்குன், பசளி, வல்லாரைக்கு இது தாராளம். முதல் தடவை பாத்தி நிரம்பியதும் குழியை ஒருமுறை நிரப்பிவிட்டால் சரி.

அப்புறம், மூன்று பாத்தியையும் இப்போதே கட்டாதீர்கள். குழியை முழு அளவில் வெட்டி, ஒரு பாத்தி, 40 குஞ்சு. மற்றது அடுத்த வருடம்.

கேள்வி (செட்டிகுளம் வாசகி): சின்னதாக ஒரு தொகுதி ஓடுகிறது. மீன் நன்றாக இருக்கிறது, ஆனால் புதிய இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. கிணற்றுத் தண்ணீர்தான். தேசிக்காய்ப் புளி விட்டால் சரிவருமா?

பதில்: விட வேண்டாம் தங்கச்சி. புளி, தண்ணீரின் அமில கார அளவான பிஎச்சைக் கொஞ்ச நேரம் இறக்கும், கடினத் தண்ணீர் அதைத் திரும்ப ஏற்றிவிடும். போதாக்குறைக்குச் சிற்றிக் அமிலம் நீங்கள் பாடுபட்டு வளர்த்த பற்றீரியாவையும் தாக்கும்.

நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புக் குறை. பழைய இலையில் தொடங்காமல் புதிய இலையில் தொடங்குவதுதான் அதற்குச் சாட்சி. தண்ணீரில் இரும்பு இருந்தாலும் பிஎச் ஏழரைக்கு மேலே போனால் செடியால் அதை எடுக்க முடியாது. வவுனியாப் பக்கக் கிணறுகள் பல கடினம் என்பது கேத்தில் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் கிணற்றைத் திட்டுவதற்கு முதல் சல்லியைப் பாருங்கள். பாத்தியிலிருந்து நாலு கல்லை எடுத்துக் கழுவித் துடைத்து, அதன்மேல் வினாகிரி விடுங்கள். நுரை பொங்கினால் அது சுண்ணக்கல். அந்தக் கல் பாத்தியில் இருக்கும்வரை நீங்கள் எதை ஊற்றினாலும் பிஎச் இறங்காது, முழுவதையும் அள்ளிவிட்டுக் கருங்கல் முக்கால் அங்குலச் சல்லி போட வேண்டியதுதான். சிப்பி, முருகைக்கல் கலந்த கடற்கரை மணலுக்கும் இதே கதை.

கல் நல்லதென்றால், மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, குறைகிற தண்ணீருக்கு அதை விடுங்கள். இரும்புக்கு விவசாய மருந்துக் கடையில் செலேற், அதாவது செடி எடுக்கக்கூடிய வடிவில் உள்ள இரும்புத் தூள், கேளுங்கள். டிடிபிஏ வகை பிஎச் ஏழரை வரைதான் வேலை செய்யும், அதற்கு மேலே என்றால் ஈடிடிஎச்ஏ வகை. லீற்றருக்கு 2 மில்லிகிராம் இரும்பு போதும். 3,000 லீற்றருக்கு 6 கிராம், பக்கற்றில் 6 வீதம் என்று போட்டிருந்தால் 100 கிராம் தூள். தண்ணீர் சிவந்துபோகும், பயப்பட வேண்டாம்.

கேள்வி (தருமபுரம் வாசகி): நுண்கடன் எடுத்துப் பெரிதாகக் கட்டி மீன் விற்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கடன்காரர் வாரத்துக்கு வாரம் வாசலுக்கு வருவார், திலாப்பியா எடுக்கும் அளவுக்கு வர ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் பிடிபடும் மீன் தீவனச் செலவில்லாமல் சந்தைக்கு வருகிறது, நீங்கள் ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தீவனம் வாங்கிப் போட்டு அதனோடு போட்டி போட முடியாது. மீன் வீட்டுக் கறிக்கு, கீரை விற்பனைக்கு என்று நினைத்தால்தான் கணக்கு நிற்கும். உங்களுக்கு நல்ல மண்ணும் வற்றாத கிணறும் இருந்தால் இந்த முறையே தேவையில்லை. வெறும் மீன்குழி ஒன்று வெட்டி, அந்தத் தண்ணீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாய்ச்சுங்கள், செலவு கால்வாசிதான் வரும். அக்குவாபோனிக்ஸ் கைகொடுப்பது முல்லைத்தீவுக் கரையோர மணலில், அல்லது கோடையில் கிணறு அடிக்குப் போகும் வளவுகளில்.

கேள்வி (மாங்குளம் வாசகர்): பம்பு இரவு பகலாக ஓட வேண்டுமா? கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது. சோலர் போடலாமா?

பதில்: ஓட வேண்டும். மணிக்கு ஒரு தடவை குழித் தண்ணீர் முழுதும் சுற்றினால் நல்லது. 60 வாட் பம்பு என்றால் மாதம் 43 யூனிட். வீட்டில் 50 யூனிட் எரிப்பவர் இதோடு 93க்குப் போவார். அறுபதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு என்பதால் பில் இரண்டு மடங்கைத் தாண்டி ஏறும். ஆகவே மலிவுப் பம்பு வாங்கி வாழ்நாள் முழுக்கக் கரண்டுக்கு அழுவதைவிட, தொட்டியில் மிச்சம் பிடித்த காசை இங்கே போட்டு, குறைந்த வாட்டில் கூடுதல் தண்ணீர் தரும் பம்பாக வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் லீற்றர் அளவு உயரமே ஏற்றாதபோது வருவது. நாலடி ஏற்றும்போது எவ்வளவு வரும் என்று கடையில் கேளுங்கள்.

சோலரில் பலகையை விடப் பற்றரிதான் காசைத் தின்னும், இரவுப் பம்புக்கே 720 வாட்மணி வேண்டும். பகலுக்குச் சோலர், இரவுக்குக் கரண்ட் என்று பிரிப்பது பரவாயில்லை. எப்படியும் 12 வோல்ற் காற்றுப் பம்பு ஒன்றையும் பழைய வாகனப் பற்றரி ஒன்றையும் தயாராக வையுங்கள். கரண்ட் போனால் செடி ஒரு நாள் தாங்கும், நெருக்கமாக விட்ட மீன் விடியும் வரை தாங்காது. விடிகாலையில்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அன்றைக்குத் தீவனம் போட வேண்டாம், வாளியால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

கேள்வி (முள்ளியவளை வாசகர்): குஞ்சை எங்கே வாங்குவது, எப்போது விடுவது?

பதில்: குளத்தில் வலை போட்டுப் பிடித்த குஞ்சு வேண்டாம். அது சின்னதிலேயே முட்டையிட்டுப் பெருகி, கடைசியில் விரல் நீள மீன்தான் கிடைக்கும். நக்டா என்று அழைக்கப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகார சபையின் அலுவலரிடம் வேகமாக வளரும் திலாப்பியாவான கிப்ட் இனக் குஞ்சுக்குச் சொல்லி வையுங்கள், ஆண் குஞ்சாகக் கிடைத்தால் நல்லது. தண்ணீர் ஓட விட்டு, கொஞ்சக் குஞ்சோடு நாலு முதல் ஆறு கிழமை பற்றீரியா பிடிக்க விடுங்கள். அதுவரை ஒரு சிட்டிகைத் தீவனம்தான்.

மாரிக்கு முன் வேலையை முடிப்பதென்றால் புரட்டாதிக்குள் முடியுங்கள். குழி வளவின் மேடான பக்கத்தில் இருக்கட்டும், சுற்றிவர ஒன்றரை அடி அணையும், குழி விளிம்புக்கு நாலங்குலம் கீழே வலை கட்டிய வழிவு குழாயும் வேண்டும். 2018 மார்கழி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோடையில் சோளகம் வீசும்போது குழியும் பாத்தியும் சேர்ந்து நாளுக்கு நூறு லீற்றருக்கு மேல் குடித்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். மீன்கொத்திக்கும் நீர்நாய்க்கும் மேலே வலை. பூச்சிக்கு மருந்தடிக்க முடியாது, வேப்பெண்ணெய்க் கரைசல்கூடக் குழியில் சொட்டினால் மீனுக்கு ஆகாது. நுளம்புக்குப் புகையடிக்க வருபவர்களிடம் முதலே சொல்லி, அன்று குழியை விரிப்பால் மூடிவிடுங்கள்.