பேனாவை விடுவதா, கூட்டை விடுவதா?

கேள்வி: மறைந்த எங்கள் ஆசிரியரைப் பற்றி, அவரிடம் படித்த தோழிகள் மூவர் சேர்ந்து ஒரு நூல் எழுதி வருகிறோம். மற்ற இருவரும் கூகுள் டாக்ஸில் நேரடியாக எழுதுகிறார்கள். எனக்கோ நோட்டில் பேனாவால் எழுதினால்தான் எழுத்து ஓடுகிறது. எழுதிய பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவேன். இருவரில் ஒருத்தி தட்டச்சு செய்து சேர்ப்பாள். சேர்க்கும்போதே என் வாக்கியங்கள் மாறிவிடுகின்றன. சரி, ஆவணத்திலேயே எழுதலாம் என்று உட்கார்ந்தால், பாதி வாக்கியத்தில் திருத்தம் வந்து விழுகிறது. "உன்னால்தான் தாமதம்" என்ற குறை வேறு. நான் பேனாவை விட்டுவிட வேண்டுமா, இந்தக் கூட்டிலிருந்தே விலகிவிட வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இரண்டையும் விட வேண்டியதில்லை. பக்கங்களைப் படமெடுத்து இன்னொருவரிடம் தட்டச்சுக்குக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் மனக்குறையில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் நோட்டின் ஒரு பக்கத்தை, அதைத் தட்டச்சு செய்பவரின் கண்ணோடு பாருங்கள். ஒரு சொல்லை அடித்து அதன் தலைக்கு மேல் வேறொரு சொல் எழுதியிருப்பீர்கள். ஓரத்தில் நெருக்கி எழுதிய ஒரு வரியை அம்புக்குறி போட்டுப் பத்தியின் நடுவே இழுத்திருப்பீர்கள். அடித்த சொல்லே மேல் என்று பிறகு தோன்றியதால் அதன் கீழே புள்ளிகளும் வைத்திருக்கலாம். கைப்பேசியின் நிழல் விழுந்த படத்தில் இதையெல்லாம் பார்ப்பவர் ஊகித்துத்தான் ஆக வேண்டும். ஓர் ஊகம் அடுத்த ஊகத்துக்கு இடம் கொடுக்கும். மூன்றாவது வரிக்குள் அவர், தம்மை அறியாமலேயே, உங்கள் வாக்கியத்தைத் தம் நடையில் சொல்லத் தொடங்கிவிடுவார். படி எடுப்பது இயந்திர வேலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது இரண்டாவது வரைவு. அதை எழுதும் உரிமையை நீங்களே வலிந்து பிறர் கையில் கொடுத்திருக்கிறீர்கள். மெதுவாக ஆனாலும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நோட்டில் நன்றாயிருந்த ஒரு நீண்ட வாக்கியம் விசைப்பலகைக்கு வரும்போது தேவையற்றதாகத் தெரிந்தால், அதை வெட்டுகிற கை உங்களுடையதாக இருக்கும்.

கையெழுத்தே உயர்ந்தது என்று தோழிகளிடம் வாதாட வேண்டாம். அப்படி வாதாடுபவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது, பாம் மியூலரும் டேனியல் ஓப்பன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட ஆய்வை. மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் போக்கில் இருந்தார்கள் என்றும், கையால் எழுதியவர்கள் கருத்தை விளங்கிக்கொண்டு விடை தர வேண்டிய கேள்விகளில் மேம்பட்டார்கள் என்றும் அது கூறியது. 2021இல் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, சொல்லுக்குச் சொல் எழுதும் போக்கு மறுபடியும் தெரிந்தது. விடையில் மேம்பாடு உறுதிப்படவில்லை. தவிர, அது குறிப்பெடுப்பதைப் பற்றிய ஆய்வு. நூல் எழுதுவதைப் பற்றியது அன்று. பேனா பிடித்தால் உங்களுக்கு எழுத வருகிறது என்பதே போதுமான காரணம்; அதற்குச் சான்றிதழ் வேண்டாம்.

பாதி வாக்கியத்தில் வந்து விழும் திருத்தத்துக்கு வருகிறேன். பகிர்வு ஆவணத்தில் நீங்கள் மூன்றாம் வரியில் ஒரு சொல்லைச் சேர்க்கும் நொடியில் தோழி முதல் வரியை நீக்கினால், மென்பொருள் இரண்டு செயல்களின் இடத்தையும் கணக்கிட்டு நகர்த்தி, இருவர் திரையிலும் ஒரே எழுத்துகள் நிற்கும்படி செய்துவிடுகிறது. எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு கணினி அறிஞர்கள் 1989இலேயே இதற்கு வழி வகுத்தார்கள். எழுத்துகள் மோதாமல் பார்த்துக்கொள்வதோடு அதன் பொறுப்பு முடிந்தது. நீங்கள் "அவர் கோபப்பட்டதே இல்லை" என்று எழுதி, அடுத்து "என்று சொன்னால் அது பொய்" என்று முடிக்க நினைத்திருப்பீர்கள். அதற்குள் தோழியின் பெயர் தாங்கிய வண்ணக் கர்சர் வந்து, "கோபப்பட்டதே இல்லை" என்ற இடத்தில் "என்றும் சாந்தமானவர்" என்று போட்டிருக்கும். அவர் மேல் தவறில்லை. திரையில் இருந்ததைத் திருத்தினார். முடியாத வாக்கியத்தைத் திறந்து வைத்ததுதான் சிக்கல். ஆகவே முதல் வரைவைப் பொது ஆவணத்தில் எழுதாதீர்கள். இது உங்களுக்கு மட்டுமன்று, மூவருக்கும் பொருந்தும்.

எழுத்தில் பிறர் கை படுவதே கேடு என்றும் எண்ணிவிடாதீர்கள். மேரி ஷெல்லி 1816, 1817ஆம் ஆண்டுகளில் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதிய நோட்டுகள் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் மேரியின் எழுத்துக்கு இடையிலும் ஓரத்திலும் அவர் கணவர் பெர்சி ஷெல்லியின் திருத்தங்கள் உள்ளன. அவற்றுள் சில நாவலுக்கு உதவின. மேரியின் எளிய சொல்லைத் தூக்கிவிட்டுக் கனமான சொல்லை வைத்தவையும் உண்டு. இருவர் கையெழுத்தும் வேறு வேறாக இருந்ததால்தான், சார்லஸ் ராபின்சன் என்ற அறிஞர் பெர்சியின் மாற்றங்களைப் பிரித்தெடுத்து, மேரி முதலில் எழுதிய வடிவத்தை 2008இல் தனியே பதிப்பிக்க முடிந்தது. கையெழுத்து அங்கே செய்த காவல் வேலையை உங்கள் ஆவணத்தில் 'பரிந்துரை' முறை செய்யும். அதை இயக்கி வைத்தால் தோழியின் மாற்றம் அவர் பெயருடன் வேறு நிறத்தில் நிற்கும். உங்கள் சொல்லும் கோடிட்டபடி அங்கேயே இருக்கும். ஏற்பதும் மறுப்பதும் அந்த அத்தியாயத்தை எழுதியவரின் உரிமை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி போன்றவற்றை மட்டும் யாரும் கேட்காமல் திருத்தலாம்.

இனி தோழிகளின் பக்கம். தாமதம் என்ற குறையில் நியாயம் இருக்கிறது. உங்கள் நோட்டு உங்கள் மேசைக்குள் இருக்கும்வரை, நீங்கள் எந்தச் சம்பவத்தை எழுதுகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரே சம்பவத்தை இருவர் எழுதிவிட்டு யாருடையதை நீக்குவது என்று மனம் வருந்த நேரும். ஓர் அத்தியாயத்தைத் தொடங்குமுன் அதில் வரப்போகிறவற்றை நாலைந்து வரிகளில் பொது ஆவணத்தில் போட்டுவிடுங்கள். தட்டச்சு செய்து தரும் நாளையும் குறிப்பிடுங்கள். அந்த நாளைத் தவறவிடும் உரிமை, கையால் எழுதுகிறேன் என்பதற்காக, உங்களுக்கு வந்துவிடாது. சேர்த்த பிறகு உங்கள் வாக்கியம் எதையும் தொடக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கவும் கூடாது. ஆசிரியர் மூவருக்கும் பொது. அவர் கோபத்தைப் பற்றிய உங்கள் நினைவும் தோழியின் நினைவும் முரண்பட்டால், இரண்டையும் அவரவர் பெயரில் விட்டுவிடலாம். நூல் அதனால் கெட்டுவிடாது.

ஏற்கெனவே மாறிப்போன பகுதிகளுக்காகச் சண்டை தேவையில்லை. உங்கள் மூலம் நோட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆவணத்தின் 'பதிப்பு வரலாறு' தட்டச்சு செய்த பிறகு எப்போது, யாரால், என்ன மாறியது என்பதைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, உண்மையிலேயே வலிக்கும் இடங்களை மட்டும் தோழிகளிடம் கொண்டுபோங்கள். நான் அறிந்தவரை, இப்படி ஒப்பிடுபவர்கள் சில இடங்களில் திருத்தமே மேல் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

எல்லா அத்தியாயங்களும் முடிந்ததும், முழு நூலையும் ஒருவரே தொடக்கத்திலிருந்து உரக்கப் படித்து, நடை தட்டும் இடங்களைக் குறிக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டியதில்லை. யார் என்பதை மூவரும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அட்டையில் பெயர் வரும் வரிசையையும் அதே நாளில் பேசி முடித்துவிடுவது நல்லது. அகர வரிசை போதும்.