மூச்சுத் திணறல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்). வீட்டில் கான்சென்ட்ரேட்டரை (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) நிமிடத்துக்கு 2 லிட்டரில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதம் என்று ஆக்ஸிமீட்டர் காட்டுகிறது. 4-க்கு ஏற்றினால் 97 வருகிறது. ஏற்றியே வைக்கலாமா? (வாசகி, தேனி)

பதில்: வேண்டாம். சிஓபிடிக்காரர்களுக்குப் பொதுவாக வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். 90 அவருக்கு நல்ல எண். 97-ஐப் பார்த்தால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதை விரலில் மாட்டும் அந்தக் கருவி காட்டாது. காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கு உடல் தானாகவே ரத்தத்தைக் குறைத்து அனுப்பும். ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, ரத்தம் அங்கே வீணாகச் சுற்றும். கரியமில வாயு வெளியேறாமல் தேங்கும்.

காலையில் தலைவலி, பேச்சில் குழப்பம், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென அடித்துக்கொள்வது எல்லாம் அதன் அடையாளங்கள். எழுப்பினாலும் கண் சொருகுகிறதா? ‘பாவம், இப்போதான் நல்லா தூங்குறார்’ என்று விட்டுவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பதறிப்போய் ஆக்சிஜனை அடியோடு நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொன்ன 2 லிட்டருக்கு இறக்குங்கள்.

எண் 88-க்குக் கீழே போனால், ஆளைப் பாருங்கள். பேசவே திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் 108தான், வேறு யோசனை வேண்டாம். ஆள் சாதாரணமாக இருந்தால் கருவியைச் சோதியுங்கள். விரல் சில்லிட்டிருந்தாலும், மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும் எண் பிசகும். டியூப் கட்டில் காலுக்கு அடியில் நசுங்கியிருக்கலாம். கான்சென்ட்ரேட்டரில் ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டிலின் மூடி சரியாகத் திருகாமல் காற்று கசியலாம். மூக்கில் வைக்கும் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கினால் குமிழ் வர வேண்டும். வராவிட்டால் கோளாறு வழியில்தான். எல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறாவிட்டால் உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். வார்டில் எல்லார் சார்ட்டிலும் மூச்சு 20 என்றே இருக்கிறது. சரியாக எண்ணுவது எப்படி? (மாணவி, விழுப்புரம்)

பதில்: எல்லாருக்கும் 20 என்றால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நாடி பார்த்து முடித்தபின் கையை விடாமல், நெஞ்சை மட்டும் கவனியுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஏறி இறங்கினால் ஒன்று. 60 விநாடி முழுக்க எண்ணுங்கள், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வேலை வேண்டாம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டாலோ 8-க்கு இறங்கினாலோ, ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தாலும் உடனே மூத்தவர்களிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அளவு வேறு: 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்பதை எட்டினாலே வேக மூச்சு.

எண்ணும்போதே விலா இடுக்கு உள்ளே இழுக்கிறதா, கழுத்துத் தசை புடைக்கிறதா, ஒரு மூச்சில் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்றும் பாருங்கள். ஆஸ்துமாவில் விசில் சத்தம் திடீரென அடங்கி, ஆளும் சோர்ந்துவிட்டால் அது குணம் இல்லை. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட உள்ளே காற்று போகவில்லை என்பதுதான்.

கேள்வி: நெபுலைசர் மருந்தில் டிஸ்டில்ட் வாட்டர் கலக்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கூடாது. வெறும் தண்ணீர் ஆவி மூச்சுக்குழாயை உறுத்தி இன்னும் சுருக்கிவிடும். கலக்கச் சொல்லியிருந்தால் 0.9 சதவீத நார்மல் சலைன் (மருத்துவ உப்பு நீர்) மட்டுமே. மொத்தம் 3, 4 மில்லிக்கு வந்தால் போதும். டிஸ்டில்ட் வாட்டர் கான்சென்ட்ரேட்டர் பாட்டிலுக்கு. புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால், முடிந்ததும் வாயைக் கொப்பளித்து, மாஸ்க் பட்ட முகத்தையும் கழுவ வேண்டும். இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் படலம் கட்டும்.