ஆன்லைன் புடவைக் கடைக்கு ஓராண்டு பூட்டு: சீட்டுப் பணத்தை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 36. திருபுவனத்தில் வீட்டிலிருந்தபடியே நாலு வருடமாக இன்ஸ்டாகிராமிலும் சொந்த இணையதளத்திலும் பட்டுப் புடவை விற்கிறேன். ஜிஎஸ்டி பதிவு உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு தாக்கல் செய்கிறேன். மன்னார்குடியில் இருக்கும் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கூட இருக்க வேறு யாரும் இல்லை. மார்கழிக் கடைசியில் அங்கே போய்விட்டால், திரும்பி வர ஒரு வருடமாவது ஆகும். வீட்டுக்காரர் திருபுவனத்திலேயே இருப்பார்.

மாதம் 1,000 ரூபாய் வீதம் 11 மாதம் கட்டினால் 12,000 ரூபாய்ப் புடவை என்று 'பட்டுச் சீட்டு' நடத்துகிறேன். 23 பேர் 8 மாதம் கட்டியிருக்கிறார்கள். தை முகூர்த்தத்துக்கு நாலு கல்யாணப் புடவைகள் பாதி முன்பணம் வாங்கித் தறியில் ஏறியிருக்கின்றன. அதில் ஒன்று கோயம்புத்தூர், ஒன்று பெங்களூரு. நெசவாளர் ஒருவரிடம் என் பணம் 40,000 ரூபாய் நிற்கிறது. கையில் 60,000 ரூபாயும், 3 லட்சம் ரூபாய்க்குச் சரக்கும் இருக்கின்றன. "ஜிஎஸ்டியை அப்படியே விட்டுடுங்க அண்ணி, தானா கேன்சல் ஆயிடும்" என்கிறார் கொழுந்தனார். "லாகினைக் கொடு அக்கா, ஒரு வருஷம் நான் ஓட்டுறேன்" என்கிறாள் சித்தி மகள். பேக்கிங்குக்கு ஒரு பெண் இரண்டரை வருடமாக வேலை பார்க்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருபுவனம்

பதில்: முதலில் ஒரு விஷயம், சகோதரி. கடையை ஒரு வருடம் நிறுத்தி வைப்பது குற்றமல்ல. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை. ஆனால் கும்பகோணம் பெரிய தெருவில் ஒருவர் ஷட்டரை இழுத்துவிட்டால், வருகிறவர் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். உங்கள் கடைக்கு ஷட்டர் கிடையாது. நீங்கள் மன்னார்குடியில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் உங்கள் தளத்தில் 18,000 ரூபாய் கட்டிவிட முடியும். பணம் உள்ளே வந்து, ஆர்டர் உறுதி என்று தானாக ஒரு செய்தியும் போய்விட்டால், அங்கே ஒரு ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் வாதிடுவேன். ஆகவே இதைப் படித்து முடித்ததும் தளத்தில் பணம் செலுத்தும் வசதியை நிறுத்துங்கள். இன்ஸ்டாகிராமில் மாட்டி வைத்திருக்கும் க்யூஆர் படத்தையும் எடுத்துவிடுங்கள். ஆனால் கடையை மூடுவதாக இன்றைக்கே அறிவிப்புப் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் ஜிஎஸ்டி பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. எனக்குப் பயமெல்லாம் அந்தச் சீட்டுப் பணம் பற்றித்தான். 23 பேர், எட்டு மாதம், ஆளுக்கு ஆயிரம் என்றால் 1,84,000 ரூபாய். ஏலமோ குலுக்கலோ இல்லாததால் சீட்டு நிதிச் சட்டம் சொல்லும் சீட்டு அல்ல இது. பெயரில்தான் வம்பு, இனி அந்தப் பெயரை எங்கும் எழுதாதீர்கள். சட்டத்தின் கண்ணில் இது புடவைக்கு வாங்கிய முன்பணம். 2019 ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், உண்மையான வியாபாரத்தில் சரக்கு கொடுப்பதற்காக வாங்கும் முன்பணத்தை 'டெபாசிட்' என்ற கணக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் திட்டம் அந்த விலக்குக்குள் நிற்கிறது என்பது என் கருத்து. ஆனால் அதே சட்டத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. சரக்கு கொடுக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிலை வந்து, அந்த நாளிலிருந்து 15 நாள் கடந்துவிட்டால், அந்த முன்பணமே டெபாசிட் என்று கருதப்படும். அதற்குப் பிறகு இது வாடிக்கையாளர் மனத்தாங்கலாக இருக்காது, காவல்துறை விவகாரமாகிவிடும். டெபாசிட் வாங்கி ஏமாற்றியவர்களுக்கென்றே 1997 இலிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் இருக்கிறது. டெல்டாவில் அந்தச் சட்டத்தின் பெயர் தெரியாத குடும்பம் குறைவு.

நீங்கள் ஏமாற்றுகிறவர் அல்ல என்பது எனக்குத் தெரிகிறது. எட்டு மாதம் கட்டிவிட்டு, திடீரென்று மூடிக் கிடக்கும் ஒரு பக்கத்தைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அது தெரியாது.

அதனால் வரிசை முக்கியம். நிறுத்தப்போகிறேன் என்று நீங்கள் சொல்லும் நாளில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பணத்துக்கு வழி செய்யுங்கள், அப்புறம் சொல்லுங்கள். ஆனால் இந்த இடைவெளியில் புதுத் தவணை ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. நிறுத்துவது என்று தீர்மானித்த பிறகு வாங்கிய தவணைதான் பின்னால் உங்கள் நாணயத்தைக் கேள்வி கேட்கும்.

1,84,000 ரூபாய் கொடுக்க 60,000 ரூபாய்தான் இருக்கிறதே என்பீர்கள். 3 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறதே, அது போதும். 23 பேரையும் போனில் கூப்பிடுங்கள். மொத்தமாக ஒரு அறிவிப்பு வேண்டாம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். கட்டிய 8,000 ரூபாயை அப்படியே திருப்பித் தருகிறேன், அல்லது கையிருப்பில் இருக்கும் புடவைகளில் 9,000 ரூபாய் வரை விலையுள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். திட்டப்படி முழுவதும் கட்டியிருந்தால் அவர்களுக்கு ஆயிரம் ரூபாய் லாபம். பாதியில் நிறுத்துவது நீங்கள், ஆகவே அந்த ஆயிரத்தை நீங்கள் விட்டுக்கொடுப்பதுதான் முறை. 15 பேர் புடவை எடுத்துக்கொண்டால் மீதி 8 பேருக்கு 64,000 ரூபாய் போதும். கல்யாணப் புடவைகளின் பாக்கிப் பணமும் அதற்குள் வந்துவிடும்.

"நீ திரும்பி வந்ததும் தா, போதும்" என்று சிலர் சொல்வார்கள், அதுவும் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்கள் நிச்சயம் சொல்வார்கள். கும்பிட்டு மறுத்துவிடுங்கள். பூட்டிய கடைக்குள் அடுத்தவர் பணம் இருக்கக் கூடாது.

பேசி முடித்ததும் பேசியதை ஒரு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்கள் 'சம்மதம்' என்று பதில் போடும்படி செய்யுங்கள். பணத்தை அவர்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். கையில் கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாக வைக்க வேண்டுமானால் 2023 ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டப்படி சான்றிதழ் ஒன்றும் தர வேண்டியிருக்கும். அதற்கு அந்தப் போன் உங்கள் கையில் இருப்பது நல்லது. புடவையாகக் கொடுப்பவற்றுக்கு 5 சதவீத வரியோடு முறையான பில் போட்டு, இந்தக் காலாண்டுக் கணக்கிலேயே காட்டிவிடுங்கள். பணமாகத் திருப்பித் தருவதில் வரிச் சிக்கல் இல்லை, ஏனென்றால் உங்களைப் போன்ற சாதாரணப் பதிவில் சரக்குக்கு வாங்கும் முன்பணத்துக்கு 2017 நவம்பரிலிருந்து ஜிஎஸ்டி கிடையாது.

அந்த நாலு கல்யாணப் புடவைகள் வேறு மாதிரி. அவற்றைப் பணமாகத் திருப்பிக் கொடுத்துத் தப்பிக்க நினைக்காதீர்கள். முகூர்த்தத்துக்கு என்று சொல்லி வாங்கிய ஆர்டரில் தேதிதான் ஒப்பந்தத்தின் உயிர். 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 55 ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: அப்படிப்பட்ட தேதி தவறினால் வாங்குபவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். நஷ்ட ஈடும் கேட்கலாம். தாலி கட்டும் நாளுக்கு முன்தினம் வேறு புடவை தேடி ஓடிய செலவு, மன உளைச்சல் எல்லாம் அதில் வரும். வழக்கும் தஞ்சாவூரில்தான் நடக்கும் என்பதில்லை. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை. கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் வாய்தாவுக்கு அலைவதைவிட, நெசவாளர் வீட்டில் நாலு நாள் உட்கார்ந்து தறியை ஓட வைப்பது சுலபம். மார்கழி பிறப்பதற்குள் அறுத்து இறக்கி அனுப்பிவிடுங்கள். அனுப்பிய ரசீது, பெற்றுக்கொண்ட செய்தி இரண்டும் பத்திரமாக இருக்கட்டும்.

ஏற்கெனவே விற்ற புடவைகளுக்கும் புகார் வரலாம். மின்வணிக விதிகள் 2020 இன்படி புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விடுமுறையில் இருக்கிறேன் என்பது அதற்குப் பதில் ஆகாது. தினமும் ஒரு முறை மின்னஞ்சலைப் பார்த்தால் போதும்.

சரி, இப்போது உங்கள் கொழுந்தனார் யோசனைக்கு வருவோம். 'தானாக கேன்சல் ஆகிவிடும்' என்பதில் ஒரு பாதி உண்மை. காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்பவர் தொடர்ந்து இரண்டு காலாண்டுக்குச் செய்யாவிட்டால், அதிகாரி பதிவை ரத்து செய்யலாம். மறுபாதியை அவர் சொல்லவில்லை. ரத்துக்கு முன் நோட்டீஸ் மின்னஞ்சலில் வரும், நீங்கள் பார்க்காவிட்டாலும் அது உங்களிடம் வந்து சேர்ந்ததாகவே கணக்கு. தாமதக் கட்டணம் ஏறும். நீங்கள் திரும்பி வரும்போது ரத்தை நீக்கக் கேட்கும் கெடு, ஆணையிலிருந்து 90 நாள், கடந்து போயிருக்கும். மேலும் 180 நாள் வரை நீட்டிக்கக் கேட்கலாம், ஆனால் அதற்கு மேலதிகாரி வாசலில் நிற்க வேண்டும்.

நீங்களே விண்ணப்பித்து முறையாக ரத்து செய்யவும் வழி உண்டு. ஆனால் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ரத்து செய்தால் மீந்து நிற்கும் சரக்கின் மேல் நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கட்டி, பின்னால் கழித்துக்கொண்ட வரி), அல்லது அதை விற்றால் வரக்கூடிய வரி, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசிக் கணக்கும் தர வேண்டும். அடுத்த வருடம் புதுப் பதிவுக்கு மறுபடி முதலிலிருந்து ஆவணம், விசாரணை. இரண்டு மூன்று வருடம் என்றால் ரத்து செய்யச் சொல்வேன். ஒரு வருடத்துக்குப் பதிவை வைத்துக்கொண்டு 'நில்', அதாவது வியாபாரம் ஏதும் இல்லை என்ற கணக்கு, தாக்கல் செய்வதுதான் மலிவு.

அதற்கு ஆகும் வேலை இவ்வளவுதான்: ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் 13 ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரம், 22 ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்கு. இரண்டிலும் ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். நில் கணக்கை 14409 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முடிக்கலாம், ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்தும் செய்யலாம். மறந்துபோனால் நாளைக்கு 20 ரூபாய், ஒரு நில் கணக்குக்கு அதிகபட்சம் 500 ரூபாய். வீட்டு வாசலில் உள்ள ஜிஎஸ்டி எண் பலகையைக் கழற்ற வேண்டாம். யாராவது விசாரிக்க வந்தால் வீட்டுக்காரர் இருக்கிறாரே.

சித்தி மகளுக்கு லாகின் கொடுக்காதீர்கள். அவள் நல்ல பெண்ணாகவே இருக்கட்டும். உங்கள் எண்ணில் அவள் போடும் ஒவ்வொரு பில்லுக்கும், அவள் அனுப்பும் ஒவ்வொரு கிழிந்த புடவைக்கும் பொறுப்பு உங்களுடையது. உண்மையில் ஆசை இருந்தால் அவள் தன் பெயரில் பதிவு எடுக்கட்டும், வெளிமாநிலத்துக்கு விற்பதானால் பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே அது கட்டாயம். உங்கள் சரக்கை அவளுக்குப் பில் போட்டு விற்றுவிடுங்கள். கடைப் பெயரைப் பயன்படுத்த விட்டால், எத்தனை மாதம், என்னென்ன நிபந்தனை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். சொந்தத்துக்குள் எழுதாததால்தான் வழக்கறிஞர்களான எங்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது.

நெசவாளர் பாக்கி: 40,000 ரூபாய் நிற்கிறது என்று தேதி போட்டு அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். மூன்று வருடக் காலவரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு, அதைச் செய்யாதீர்கள். அவரிடமிருந்து பணமாகப் பிடுங்குவதைவிட, திரும்பி வந்ததும் கூலியில் கழித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

பேக்கிங் பெண்ணுக்கு ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குத் தமிழ்நாடு கடைகள் சட்டம் தரும் பாதுகாப்பு அது. வேலை வீட்டில் நடக்கிறது, இது கடையா என்று வாதாடலாம்தான். இரண்டரை வருடம் உழைத்த பெண்ணிடம் அந்த வாதம் வேண்டாம்.

இந்த வருடம் நஷ்டம் வந்தால் வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யுங்கள். அப்போதுதான் அந்த நஷ்டத்தை எட்டு வருடம் வரை பின்வரும் வியாபார லாபத்தில் கழிக்கலாம். தளத்தின் பெயரை இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள். காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கி, உங்கள் புடவைப் படங்களையே போட்டுப் பணம் வசூலித்தால், புகார் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த வியாபார சிம். ஜிஎஸ்டி, வங்கி, வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் ஓடிபி அதில்தானே வருகிறது? ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல், 20 ரூபாய்கூட இருப்பு இல்லாமல் விட்டால் அது துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விடலாம். மன்னார்குடிக்குக் கிளம்பும்போது அந்தப் போனையும் சார்ஜரோடு பையில் எடுத்து வையுங்கள்.