படப்பெட்டி வந்துவிட்டது: கேள்வி பதில்

ஒரு பிலிம் சொசைட்டியில் இருபது வருடம் நாற்காலி போட்டவன் நான். புரொஜக்டர் ஓட்டியிருக்கிறேன், படம் பாதியில் எழுந்து போனவர்களை முறைத்துமிருக்கிறேன். கூட்டம் வராத தமிழ்ப் படங்கள், அவற்றில் பிரமாதமாக நடித்துவிட்டுப் போனவர்கள், இவை பற்றிக் கேளுங்கள். வசூல் கணக்கும் அடுத்த சூப்பர் ஸ்டார் யார் என்பதும் என் இலாகா இல்லை.

தஞ்சை வாசகி: 'வீடு' இப்போதுதான் பார்த்தேன். அந்தத் தாத்தா யார் சார்? நடிக்கிற மாதிரியே தெரியவில்லையே.

சொக்கலிங்க பாகவதர். நாடகத்திலிருந்து வந்தவர். நாடகக்காரர்கள் சினிமாவிலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள் என்று ஒரு புகார் உண்டு. இவரைப் பார்த்தபின் அதை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

1988ல் வந்த படம். வேலைக்குப் போகும் ஒரு பெண் சென்னையில் சின்னதாக ஒரு வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை. பாலு மகேந்திரா பாட்டே வைக்கவில்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்த இசைதான் பின்னால் ஓடுகிறது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, நியாயமாகவே. ஆனால் எனக்குப் படம் என்றால், தாத்தா பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வரும் இடம்தான். பூசாத சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடக்கிறார். பேச்சே கிடையாது. அந்தக் கிழவரின் ஆசை முழுக்கக் கையில் இருக்கிறது. நாங்கள் திரையிட்ட அன்று, வீட்டுக் கடன் வாங்கியிருந்த ஓர் உறுப்பினர் அந்த இடத்தில் எழுந்து வெளியே போனார். முறைக்கலாம் என்று பின்னாலேயே போனேன். மனிதர் வேப்பமரத்தடியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பேசாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்து அதே பாகவதரை மையமாக வைத்து பாலு மகேந்திரா எடுத்தது 'சந்தியா ராகம்'. அதையும் விடாதீர்கள். ஒரே எச்சரிக்கை: இந்தப் படங்களைப் பஸ்ஸில், போனில், துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள்.

குரோம்பேட்டை ரசிகன்: அண்ணா, டாப் 10 லிஸ்ட் கொடுங்களேன்.

வரிசையில் நிறுத்த இது ரேஷன் கடை இல்லை தம்பி.

மலைக்கோட்டை: 'சந்தியா ராகம்' யூடியூபில் இருக்கிறதா?

தேடிப் பாருங்கள். இருந்தால் சந்தோஷம். தன் படங்கள் சிலவற்றின் நெகட்டிவே இல்லாமல் போனதைச் சொல்லி வருந்தியவர் பாலு மகேந்திரா. அதனால் கிடைக்கிற பிரதி மங்கலாக இருந்தாலும் குறை சொல்லாமல் பாருங்கள்.

நெல்லைக்காரி: 'உதிரிப்பூக்கள்' கிளைமாக்ஸை ரீல்ஸில் பார்த்தேன். விஜயன் நடிப்பு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஏன் இந்தக் கொண்டாட்டம்?

சொன்னேனே, துண்டாகப் பார்க்காதீர்கள் என்று! ஊரே சேர்ந்து ஒருவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த ஆள் அதுவரை என்னவெல்லாம் செய்தான் என்று தெரியாமல் பார்த்தால், உங்களுக்கு ஒரு ஆறும் நாலு பேரும்தான் தெரியும்.

1979ல் மகேந்திரன் எடுத்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பி வேறு எங்கோ போய்விட்ட படம். விஜயன் அதில் வில்லன். ஆனால் வில்லன் செய்கிற எதையும் செய்வதில்லை. உருட்டி விழிப்பது, பல்லைக் கடிப்பது எதுவும் கிடையாது. வெள்ளை வேட்டியில், மரியாதையான குரலில், நோயாளி மனைவியிடம் பேசுகிறார். அவள் சுருங்கிப்போகிறாள். நமக்குத் தெரிந்த வீடுகளில் இப்படி ஒருவர் இருந்திருப்பார், அதுதான் பயம். இரண்டு மணி நேரம் அந்த ஆளோடு குடித்தனம் நடத்திவிட்டு ஆற்றங்கரைக்கு வாருங்கள். அப்புறம் பேசலாம்.

தலைவர் வெறியன்: 'அவள் அப்படித்தான்' ரஜினி படமா, கமல் படமா?

ஸ்ரீப்ரியா படம். 1978ல் ருத்ரய்யா எடுத்தது. அவர் இயக்கியது மொத்தம் இரண்டே படங்கள். இரண்டாவதான 'கிராமத்து அத்தியாயம்' இன்றுவரை என் கையில் சிக்கவில்லை. பாட்டு மட்டும் ரேடியோவில் கேட்டிருக்கிறேன்.

இடைவேளை: ரகுவரனின் முதல் தமிழ்ப் படம் 'ஏழாவது மனிதன்' பற்றிச் சொல்லுங்கள். அந்தக் குரல்தான் ரகுவரன். இரவல் குரலில் நடிப்பவர்களை நடிகர் என்றே சொல்லக்கூடாது, இது என் கட்சி.

1982, ஹரிஹரன் இயக்கம். பாரதியார் பாடல்களுக்கு எல். வைத்தியநாதன் இசை. பின்னாளில் நாம் பார்த்த மிரட்டல் எதுவும் இல்லாத, ஒல்லிப்பிச்சான் ரகுவரன். பாருங்கள். ஆனால் உங்கள் கட்சியில் நான் சேர மாட்டேன். மோகனை எங்கே வைப்பீர்கள்? அவருடைய பல படங்களில் குரல் எஸ்.என். சுரேந்தருடையது. மோகன் அழுதால் ஊரே அழுதது.

இடைவேளை: ஊர் அழுதது சுரேந்தருக்கு.

பழைய டிக்கெட்: 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்குக் குரல் கொடுத்தவர் விக்ரம். அப்படியென்றால் பிரபுதேவா ஆடினார், விக்ரம் நடித்தார், அப்படித்தானே?

கோவை காபி: சிம்ரனுக்கு சவிதா, நயன்தாராவுக்கு தீபா வெங்கட். சம்பளத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுக்கணும்.

சரி, எல்லோரும் உட்காருங்கள். ஒருமுறை ஒரு டப்பிங் தியேட்டரில் மூலையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். திரையில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது. குரல் கொடுத்த அம்மா உதட்டை மட்டும் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார். எங்கே மூச்சு இழுக்கிறார், எங்கே தொண்டை அடைக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டு, நாலாவது தடவைதான் வாயைத் திறந்தார். அந்த மூச்சை அங்கே வைத்தது நடிகை. அதற்குள் புகுந்து இன்னொருத்தி நடிக்கிறாள். ஆக அங்கே நடப்பது இரண்டு நடிப்பு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிப்பது சரியில்லை. குரல் கொடுப்பவர் பெயரைப் போஸ்டரில் போட வேண்டும் என்றால் நானே பசை வாளியோடு வருகிறேன்.

சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தைப் பாருங்கள். பிறகு அதே ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மோகன் முதல் பரீட்சையில் பாஸ். சுரேந்தர் இரண்டாவதில் பாஸ். ரகுவரன் இரண்டிலும் தேறுவார்.

இடைவேளை: 'ரகுவரன் இரண்டிலும் தேறுவார்.' நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் கட்சி ஜெயித்தது.

டெபாசிட் திரும்பக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேலூர் வெயில்: 'ஏழாவது மனிதன்' யூடியூபில் இருக்கா?

மேலே மலைக்கோட்டைக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

சினிமா மாணவன்: 'அந்த நாள்' குரோசவாவின் 'ரஷோமோன்' காப்பி என்கிறார்களே ஐயா?

ஒரு கொலை, ஆளுக்கொரு கதை என்ற வரைக்கும் சாயல் உண்டு. 'ரஷோமோன்' எது உண்மை என்று கடைசிவரை நம்மைத் தவிக்கவிடும். 'அந்த நாள்' யார் சுட்டது என்று சொல்லிவிடுகிறது. வீணை எஸ். பாலசந்தர் 1954லேயே பாட்டில்லாமல் எடுத்த படம் அது, வீணைக்காரர் பாட்டில்லாமல்! எல்லோரும் சிவாஜியைப் பார்ப்பீர்கள். பண்டரிபாயைக் கவனியுங்கள். காரணம் கேட்காதீர்கள், சொன்னால் படம் போச்சு.

ஆவடி: புதுப் படம் எதுவும் பிடிக்காதா உங்களுக்கு?

'கூழாங்கல்.' வினோத்ராஜ் இயக்கியது, 2021ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. குடிகார அப்பனும் பையனும் கொளுத்தும் வெயிலில் நடக்கிறார்கள். பையனாக வரும் செல்லப்பாண்டி அதிகம் பேசுவதில்லை. தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை, முன்பே சேர்ந்திருக்கும் கற்களோடு வைக்கிறான். இந்த நடை அவனுக்கு எத்தனையாவது என்று அப்போதுதான் நமக்கு உறைக்கும். அழக்கூட இல்லை அந்தப் பிள்ளை.

குரோம்பேட்டை ரசிகன்: டாப் 5 ஆவது?

இல்லை.

திண்டுக்கல் பூட்டு: சார், 'கிராமத்து அத்தியாயம்' போன மாதம்தான் முழுசாகப் பார்த்தேன்.

எங்கே? யூடியூபிலா? லிங்க் அனுப்புங்களேன்.