பழைய புத்தகம் விலை போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த விஷயத்தில் நான் ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுப் பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தது. 2011 தானே புயலில் ஓடு பறந்து பாதி புத்தகங்கள் ஊறிப்போயின. தப்பித்தவற்றில் ஒரு வைத்திய நூல். முதல் பக்கத்தில் 'சார்வரி வருஷம்' என்று மட்டும் இருந்தது. கணக்குப் போட்டு 1900 என்று முடிவு செய்து, வீடு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பின்னட்டையைத் திருப்பி ஓரத்தில் விரலை வைத்தார். 'விலை 75 ந.பை.'

"நயா பைசா வந்ததே 57-லதான் சார்."

தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் அல்லவா? என் சார்வரி 1960! நாற்பது ரூபாய் தருகிறேன் என்றார்.

அதனால் முதலில் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தையது. ஆனால் வயது மட்டும் காசாகாது. முதற்பதிப்பா, முகப்புப் பக்கம் இருக்கிறதா, ராமபாணப் பூச்சி எழுத்தைத் தின்றிருக்கிறதா, இவைதான் பேரத்தை முடிவு செய்யும்.

அப்புறம் தமிழிணைய மின்னூலகத்தில் தலைப்பைத் தேடுங்கள். அங்கே இலவசமாகக் கிடைத்தால், படிக்க மட்டும் நினைப்பவர் உங்களிடம் வரமாட்டார், சேகரிப்பவர்தான் வருவார். அங்கேயும் சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் இல்லையென்றால் அவசரப்பட்டு விற்காதீர்கள். இணையத்தில் யாரோ இருபதாயிரம் போட்டிருப்பது அவர் ஆசை. அந்த விலைக்கு விற்றதா என்று பாருங்கள்.

நாம் குப்பை என்று நினைப்பதற்குச் சில சமயம் மவுசு அதிகம். அத்தைமார் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருப்பார்களே, அதில் உள்ள படங்களுக்காகவும் பழைய விளம்பரங்களுக்காகவுமே கேட்கிறவர்கள் உண்டு. ஓலைச்சுவடி இருந்தால் சந்தைக்கே போகாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன்: கிழிசலில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். நான் ஒட்டியிருந்தேன். கடைக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நாற்பதை முப்பதாக்கினார்.