ஆப்பிள் பங்கு 30 மடங்கு விலைக்குத் தகுமா?

நண்பரே, பங்கு ஒன்றுக்கான லாபம் (நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தது) ஏறுகிறதே, ஓராண்டு லாபத்தைப் போல 30 மடங்கு விலை கொடுத்து ஆப்பிளை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பங்கு லாபம் என்ற அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2022 நிதியாண்டில் நிகர லாபம் 9,980 கோடி டாலர். 2023இல் 9,700 கோடியாகக் குறைந்தது. பங்கு ஒன்றுக்கான லாபமோ 6.11இலிருந்து 6.13 டாலராக ஏறியது! நிறுவனம் தன் பங்குகளையே திரும்ப வாங்கி எண்ணிக்கையைக் குறைத்ததுதான் காரணம். அது தவறில்லை, ஆனால் வியாபாரம் வளர்ந்ததாக எண்ணிவிடாதீர்கள்.

30 மடங்கு என்றால் உங்கள் 100 ரூபாய்க்கு ஆண்டு லாபம் சுமார் 3.33 ரூபாய்தான். மீதியை வளர்ச்சிதான் தர வேண்டும். நல்ல நிறுவனமாக இருந்தால் மட்டும் போதாது: 1999 டிசம்பர் உச்சத்தில் மைக்ரோசாப்ட் வாங்கியவர் அந்த விலையை மீண்டும் பார்க்க 2016 அக்டோபர் வரை காத்திருந்தார்.